தேதி எழுதிய கண்ணாடி

மேற்குக் கூடத்துச் சுவரில் கீர்த்தனா ஒட்டி வைத்திருந்தது மொத்தம் ஐந்து கண்ணாடிகள். ஒவ்வொன்றும் ஆள்காட்டி விரல் நீளம். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஒரு சொட்டு ரத்தத்தைத் தடவிப் பார்ப்பார்களே, அந்த மெல்லிய கண்ணாடித் துண்டுதான்.

கூடத்துச் சுவரில் தரையிலிருந்து விட்டம் வரைக்கும் ஒரு விரிசல் ஏறியிருந்தது. அந்த விரிசலுக்குக் குறுக்கே, ஒரு முனை இந்தப் பக்கம், மறு முனை அந்தப் பக்கம் வருகிற மாதிரி, கீழிருந்து மேலாக ஐந்தையும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து ஒட்டியிருந்தாள். ஒவ்வொன்றிலும் அழியாத மையில் 12-3 என்று ஒட்டிய தேதி. சுவர் மயிரிழை நகர்ந்தால் போதும், கண்ணாடி உடைந்துவிடும். உடையாமல் இருக்கிறவரை சுவர் இருந்த இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

அன்றைக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த கொத்தனார் தனகோடி அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்.

"இன்னா மேடம்மா, செவுத்துக்கு பிளாஸ்திரி போட்டுட்டீங்க. ஊசி எப்போ?"

"ஊசி உங்களுக்குத்தான் அண்ணே. இதை யாராவது தொட்டா."

"நா தொடமாட்டேன். என் வூட்டுக்காரி கையில ஒட்டடைக் கொம்பு கீது. அவளாண்ட சொல்லி வையிங்க."

கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்சா நிமிர்ந்தாள். "காலைல நாஸ்தாவுக்கு எட்டு இட்லி துன்னுட்டு வந்து எம்மேல குத்தம் சொல்லு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். கீர்த்தனாவும் சிரித்தாள். கண்ணாடி எதற்கென்று சைட் இன்ஜினியர் பார்த்திபனுக்கு விளக்கினாள், தனகோடிக்கு விளக்கினாள், எலெக்ட்ரீஷியன்களுக்குக்கூடச் சொன்னாள். பெருக்குகிற பெண்களிடம், "அக்கா, அதைத் தொடாதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே, பாலாறு கடலில் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது வேப்பஞ்சாவடி. ஊரில் எல்லாரும் அந்தக் கட்டடத்தைக் கோட்டை என்றுதான் சொல்வார்கள். நான்கு பக்கமும் மதில், மூலைக்கொரு காவல் மேடை, நடுவே ஒரு ஜமீன் குடும்பம் வாழ்ந்த அரண்மனை. நாற்பது வருஷம் ஆடு மேய்ந்த இடத்தை ஒரு நிறுவனம் வாங்கி ஹெரிடேஜ் ஹோட்டலாக மாற்றிக்கொண்டிருந்தது. குதிரை லாயம் சமையலறை ஆனது. நெல் சேமித்த அறை மசாஜ் அறை ஆனது. ஜமீன்தார் கச்சேரி கேட்ட மேற்குக் கூடம் சாப்பாட்டுக் கூடம். பழசு எதுவும் இடிபடாமல் புதுசு எல்லாம் உள்ளே வர வேண்டும் என்பதைப் பார்த்துக்கொள்ளத்தான் கீர்த்தனாவை அமர்த்தியிருந்தார்கள். பழங்கட்டடப் பாதுகாப்பில் பட்டம் வாங்கியவள். முப்பத்து மூன்று வயது. கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பாவோடும் அம்மாவோடும் செங்கல்பட்டில் வீடு. வாரத்துக்கு இரண்டு நாள் ஸ்கூட்டரில் வருவாள்.

வந்தால் மதியச் சாப்பாடு தனகோடி தம்பதியோடுதான். அம்சா துப்புரவுப் பெண்களுக்கு மேஸ்திரி. பத்துப் பேரை அதட்டி வேலை வாங்குவாள். மத்தியானம் ஆனால் அந்த அதட்டல் முழுக்கப் புருஷன் பக்கம் திரும்பும்.

"மூணு வருசமா பாத்துகினு கீறேன் மேடம். இந்த ஆளு கட்ன செவுரு எதுனா நேரா கீதா?"

"உன்னையே நேரா நிக்க வெச்சிருக்கேன் இல்ல, அதப் பாரு."

தனகோடி முப்பது வருஷக் கொத்தனார். சிமெண்டு வீடுகளாகக் கட்டிக்கொண்டிருந்தவர், கோட்டை வேலைக்கு வந்துதான் சுண்ணாம்பு பழகினார். கீர்த்தனா சொன்னதை ஒருமுறைக்கு இரண்டு முறை கேட்டுக்கொண்டு செய்வார். சந்தேகம் வந்தால் கை வைக்க மாட்டார். அதனாலேயே அவர்மேல் அவளுக்கு அப்படியொரு நம்பிக்கை.

மார்ச்சில் ஒட்டிய கண்ணாடி ஏப்ரலில் உடையவில்லை. ஜூனில் உடையவில்லை. ஆகஸ்ட் மழைக்கும் உடையவில்லை. அக்டோபரில் நிறுவனத்தின் மேலாளர் ராஜாராம், கூடத்துக்குப் பின்னால் ஓடிய பழைய மழைநீர் வாய்க்காலை மூடி மேலே புல்தரை போட்டார். "தண்ணி சுவர் அடிக்கு வரும் சார், திறந்து விடுங்க" என்று கீர்த்தனா இரண்டு கடிதம் எழுதினாள். திறப்பு விழா முடிந்ததும் பார்க்கலாம் என்று பதில் வந்தது.

நவம்பர் இரண்டாவது வெள்ளிக்கிழமை கணபதி ஹோமம். கீர்த்தனா எட்டு மணிக்கே வந்துவிட்டாள். கூடம் முழுக்க மாவிலைத் தோரணம், சாமந்திச் சரம். சாரம், ஏணி, சிமெண்டு வாளி எல்லாவற்றையும் கண்ணில் படாத இடத்துக்கு ஏறக்கட்டியிருந்தார்கள். ஹோமம் முடிந்து புகை அடங்கியதும் ராஜாராம் அவளிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். மேற்குக் கூடம் பயன்பாட்டுக்கு ஏற்றது என்ற சான்று. அடுத்த வாரம் தொழிலாளர்களுக்கு அங்கே விருந்து, அதற்கு அடுத்த வாரம் விருந்தினர் வருகை.

கீர்த்தனா சுவரருகே போனாள். கீழே இருந்த மூன்று கண்ணாடிகளையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். மேலே இருந்த இரண்டும் எட்டவில்லை. ஏணி கேட்கலாம் என்று நினைத்தாள். புரோகிதர்கள் பந்தியில் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நான்காவது முழுசாக இருந்தது. 12-3. ஐந்தாவது முழுசாக இருந்தது. 12-3. இரண்டும் பளபளவென்று இருந்தன. அம்சாக்கா துடைத்திருப்பாள், தொடாதே என்றால் கேட்டால்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

'சுவரில் அசைவு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

சனிக்கிழமை காலையில் மழை பிடித்தது. ஞாயிறு பகல் வரை விடவில்லை. செங்கல்பட்டு வீட்டு ஜன்னலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த மூடிய வாய்க்கால் ஞாபகம் வந்தது. ஒரு மணிக்குத் தனகோடிக்குப் போன் போட்டாள். கோட்டைக்குப் பின்னால் ஐந்து நிமிஷ நடையில் அவர் வீடு.

"அண்ணே, மேற்குச் சுவர்ல கண்ணாடியெல்லாம் நல்லாத்தானே இருக்கு? மழை இப்படிப் பெய்யுதே."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஓரிரு வார்த்தை பேசிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

ஒன்றே காலுக்குச் சுவர் விழுந்தது.

மழைக்கு ஒதுங்கியிருந்த காவலாளி பார்த்தது இவ்வளவுதான்: தனகோடி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு கூடத்துக்குள் போனார். கொஞ்ச நேரத்தில், லாரியிலிருந்து செங்கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். கூடத்தில் வேறு யாரும் இல்லை. தீயணைப்புக்காரர்கள் மூன்று மணி நேரம் கல்லை அள்ளிப்போட்டு அவரை வெளியே எடுத்தார்கள்.

* * *

ஒன்பதாம் நாள் பார்த்திபன் கீர்த்தனாவைத் தேடிக்கொண்டு செங்கல்பட்டுக்கே வந்துவிட்டான். அச்சரப்பாக்கத்துப் பையன். விவசாயக் குடும்பத்தில் முதல் டிப்ளமோ. மோட்டார் சைக்கிளை நிறுத்தியவன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"மேடம், நீங்க தப்பிச்சீங்க. நானும் தப்பிச்சேன்."

கைக்குட்டையைப் பிரித்தான். உள்ளே ஒரு கண்ணாடித் துண்டு. பாதியில் உடைந்தது. மேலே 12-3.

"இடிபாட்டை அள்ளும்போது கிடைச்சுது. தொட்டுப் பாருங்க."

தொட்ட உடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் ஒட்டியது விளிம்பு மழுக்கிய மெல்லிய கண்ணாடி. இது தடிமனாக இருந்தது. விளிம்பு விரலைக் கீறியது. ஜன்னலுக்குப் போடுகிற கண்ணாடியை வெட்டி எடுத்த துண்டு.

"யாரோ மாத்தியிருக்காங்க மேடம். உங்க கண்ணாடி முன்னாடியே உடைஞ்சிருக்கு. அதை எடுத்துட்டு, அதே தேதியைப் போட்டு, இதை ஒட்டியிருக்காங்க. நீங்க வெள்ளிக்கிழமை பார்த்தது இதைத்தான். ஓரத்துல பூசின தினுசைப் பாருங்க. கட்டை விரலால ஒரு இழுப்பு. இது யார் கைன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"தனகோடி அண்ணன் அப்படிச் செய்யமாட்டாரு."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா செஞ்சிருக்காரு. அடுத்த வாரம் புதன்கிழமை ஆர்.டி.ஓ. விசாரணை. இதைக் கொண்டுபோய் மேஜை மேல வைங்க. இல்லேன்னா உங்க சான்றிதழை வெச்சே உங்களை முடிச்சிருவாங்க. லைசென்ஸ் போகும், கேஸ் வரும். ராஜாராம் சார் ஏற்கெனவே 'மேடம் கையெழுத்து போட்டாங்க, நாங்க நம்பினோம்'னு எழுதிக் குடுத்துட்டாரு."

"அம்சாக்காவை ஒருதடவை பார்த்துட்டுச் சொல்றேன்" என்றாள் கீர்த்தனா.

"அவங்களைப் பார்த்து என்ன மேடம் ஆகப்போவுது?"

அவளுக்கும் தெரியவில்லை. அந்த மனிதர் ஏன் இப்படிச் செய்தார் என்று தெரியாமல் அவர் பெயரைச் சொல்ல அவளால் முடியாது. அவ்வளவுதான்.

* * *

அம்சா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கீர்த்தனாவைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நெற்றி வெறுமையாக இருந்தது. உள்ளே கூட்டிக்கொண்டு போய்ப் பாயில் உட்கார வைத்தாள். ஒரகடத்தில் கம்பெனி வேலை பார்க்கிற மகன் ஹேமந்த் துக்கத்துக்கு வந்தவர்களை வழியனுப்பிக்கொண்டிருந்தான்.

"டேய், மேடத்துக்கு டீ போட்டுகினு வர்றேன், நீ இங்க குந்து."

"வேணாங்க்கா."

"இன்னா வேணாம்? நீங்க வந்தா டீ குடுக்காம அனுப்பினேன்னு அந்தாளு என்னைக் கேப்பாரு."

டீ வந்தது. கீர்த்தனா வாங்கிக் குடித்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இருந்தவளுக்கு, அம்சாவே வழி திறந்துவிட்டாள்.

"உங்களாண்ட ஒண்ணு சொல்லணும் மேடம். திட்டாதீங்க. அந்தச் செவுத்துக் கண்ணாடி ஒண்ண நா ஒடச்சிட்டேன்."

கீர்த்தனா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஓமத்துக்கு மொத நாளு. ஒட்டடை அடிச்சுகினு இருந்தேன். கொம்பு தவறி மேல கீற கண்ணாடில பட்டுது. ரெண்டா தொங்குது. எனக்குக் கையுங் காலும் ஓடல. விடிஞ்சா ஓமம். நல்ல காரியம் பண்ற எடத்துல ஒடைஞ்ச கண்ணாடி தொங்கினா ஆவுமா? அதுவுமில்லாம நீங்க தொடாதேன்னு சொன்ன சாமான். ஓடிப்போயி இந்தாளாண்ட அழுதேன்."

"அண்ணன் என்ன சொன்னாரு?"

அம்சாவின் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. பதினோரு நாளில் அது முதல் சிரிப்பாக இருக்கலாம்.

"மொதல்ல கண்டபடி ஏசினாரு. மேடத்தாண்ட சொல்லிர்றேன்னு போன கையில எடுத்தாரு. நாந்தான் புடுங்கினேன். 'பொண்டாட்டி கொம்பு பட்டு ஒடைஞ்சதுக்கு இன்னாய்யா பஞ்சாயத்து, செவுரா நவுந்துச்சு?'ன்னேன். அப்பறம் யோசிச்சாரு. 'உன் கொம்பு தானே? செவுரு இல்லையே?'ன்னு ரெண்டு தபா கேட்டாரு. என் கொம்புதான்யான்னேன். தச்சனாண்ட போயி மிச்சக் கண்ணாடி வாங்கியாந்து, இதோ, இதே எடத்துல குந்திகினு அறுத்தாரு. ரெண்டு துண்டு. பழைய கண்ணாடிய நா புடிச்சுகினேன், அவரு எண்ணு பாத்து எழுதினாரு. 'அச்சு மாறாம வந்துச்சா பாரு'ன்னாரு. 'ஸ்கூல்ல எழுதியிருந்தா கலெக்டரு ஆயிருப்ப'ன்னேன். அப்பிடி சிரிச்சோம் மேடம் அன்னிக்கு. கல்யாணமான புதுசுல மாதிரி."

கீர்த்தனாவின் காதில் ஒரே ஒரு வார்த்தை மட்டும் மாட்டிக்கொண்டு நின்றது.

"ரெண்டு துண்டாக்கா?"

"ஆமா. மேல ரெண்டும் ஒடைஞ்சிருந்துச்சே. நா போயி ரெண்டு கண்ணாடி வேணும்னேன், அவரு எதுவும் கேக்கல." அம்சா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அதுலதான் மேடம் எனக்கு ஒண்ணு புரியல. ஞாயித்துக்கெழம சோத்துல கைய வெச்சிருந்தாரு. யாரோ போன் பண்ணாங்க. எடது கையால எடுத்துகினு வாசப்பக்கம் போயிப் பேசினாரு. திரும்பி வந்து தட்டு முன்னாடி நின்னாரு. குந்தல. 'ஏ அம்சா, உன் கொம்பு ரெண்டு கண்ணாடிலயும் பட்டுச்சா?'ன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நெசத்தத்தான் சொன்னேன். 'ஒண்ணுலதான்யா பட்டுது. அதுக்கு மேல கீறது நா பாக்கும்போதே தானா ஒடைஞ்சிருந்துச்சு'ன்னேன். அவ்ளோதான். கைய கூடக் கழுவல. அப்பிடியே சாக்கு எடுத்து தலைல போட்டுகினு ஓடுனாரு. சோறு துன்னுட்டு போய்யான்னு கத்தறேன், திரும்பியே பாக்கல."

வெளியே ஹேமந்த் யாரிடமோ பேசுகிற சத்தம் கேட்டது.

"நா இன்னா தப்பா சொல்லிட்டேன் மேடம்? எதுக்கு அப்பிடி ஓடுனாரு? போலீஸாண்ட கேட்டேன், போன் நசுங்கிப்போச்சு, விசாரிக்கிறோங்கறாங்க. எந்தப் பாவி போன் பண்ணிக் கூப்ட்டான்னு தெரிஞ்சா போதும் மேடம். படுத்தா தூக்கம் வரல. அது ஒண்ணுதான் மண்டைக்குள்ள சுத்திகினே கீது."

தானாக உடைந்திருந்த கண்ணாடி. சுவர் நகர்கிறது என்று சொல்லத்தான் அது அங்கே இருந்தது. சொல்லியும் விட்டது. கேட்டவள் அம்சா. அது பேசும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

தனகோடிக்கு அந்த நொடியில் புரிந்திருக்கிறது. மனைவியின் கொம்பு என்று நம்பித் தான் மூடியது எதை என்று. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஓடியிருக்கிறார்.

"தெரியலக்கா" என்றாள் கீர்த்தனா. எழுந்தாள். அம்சா தெருமுனை வரைக்கும் கூட வந்து, ஸ்கூட்டர் சீட்டில் இருந்த மழைத் தண்ணீரைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

* * *

"அப்போ கேஸ் முடிஞ்சுது மேடம்" என்றான் பார்த்திபன். விசாரணை நாள் காலை, செங்கல்பட்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எதிர்ப்புற டீக்கடையில் நின்றிருந்தார்கள். "அம்சாக்கா சொன்னதை அப்படியே சொல்லுங்க. அவங்க வேணும்னு செய்யல. அவங்களை யாரும் ஜெயில்ல போடமாட்டாங்க."

"ஜெயிலைப் பத்திப் பேசல பார்த்தி."

"பின்ன?"

"அந்தக் கண்ணாடி என்னத்துக்குன்னு இன்னைவரைக்கும் அவங்களுக்குத் தெரியாது. நாம சொன்னா தெரிஞ்சிரும். 'தானா உடைஞ்சிருந்துச்சு'ன்னு அவங்க சொன்னதுக்கு என்ன அர்த்தம்னு தெரிஞ்சிரும். அதோட அவங்க எத்தனை வருஷம் இருக்கணும்?"

பார்த்திபன் டீயைக் கீழே ஊற்றினான். "உண்மை உண்மைதானே மேடம்."

"நான் ஏணி கேட்கலை, அதுவும் உண்மைதான். எலெக்ட்ரீஷியனுக்கு விளக்கின எனக்கு, தினம் ஒட்டடை அடிக்கிறவங்ககிட்ட ரெண்டு நிமிஷம் பேசத் தோணலை. அதுவும்தான்."

"உங்க வேலை போயிரும்."

"தெரியும்."

"நான் போய்ச் சொன்னா?"

கீர்த்தனா அவனைப் பார்த்தாள். "உன்னைத் தடுக்க என்னால முடியாது. ஆனா அவங்க முகத்தைப் பார்த்துட்டுச் சொல்லு."

விசாரணை அறையில் மின்விசிறி கடகடத்தது. மேஜைக்குப் பின்னால் ஆர்.டி.ஓ. அம்மாள், பக்கத்தில் தட்டச்சு செய்கிற எழுத்தர். ராஜாராம் வக்கீலோடு முதல் வரிசையில். பின்வரிசையில் ஹேமந்தின் தோளைப் பிடித்துக்கொண்டு அம்சா. கீர்த்தனாவைப் பார்த்ததும் அவள் லேசாகத் தலையை ஆட்டினாள், தைரியமா இரு என்கிற மாதிரி.

முதலில் பார்த்திபனைக் கூப்பிட்டார்கள். அவன் எழுந்து நின்றான். அம்சாவைப் பார்த்தான். "எனக்குத் தெரிஞ்சு ஒண்ணும் இல்லைங்கம்மா. மேடம்தான் செக் பண்ணாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். கைக்குட்டை அவன் பையிலேயே இருந்தது.

அடுத்தது கீர்த்தனா.

"சுவர் விழுந்ததற்குக் காரணம் என்ன?"

"அஸ்திவாரத்துல தண்ணி இறங்கியிருக்கு மேடம். பின்பக்க வாய்க்காலை மூடியிருந்தாங்க. ரெண்டு கடிதம் எழுதியிருக்கேன்."

ராஜாராமின் வக்கீல் எழுந்தார். "வாய்க்காலை மூடினது அக்டோபர்ல. அதுக்கப்புறம் நவம்பர்ல 'அசைவு இல்லை'ன்னு இவங்களே கையெழுத்துப் போட்டிருக்காங்க."

ஆர்.டி.ஓ. காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். "இது உங்க கையெழுத்தா?"

"ஆமா."

"கண்ணாடிகளைப் பக்கத்தில் போய்ப் பரிசோதித்தீர்களா?"

"கீழே மூணு பார்த்தேன். மேலே ரெண்டு பார்க்கலை. ஏணி இல்லை. கேட்டு வாங்கியிருக்கணும். வாங்கலை."

எழுத்தரின் விரல்கள் நின்று, மறுபடி ஓடின.

"சரி. ஞாயிற்றுக்கிழமை, ஆள் இல்லாத கட்டடத்துக்குள் இறந்தவர் எதற்காகப் போனார் என்பது யாருக்காவது தெரியுமா?"

பின்வரிசையில் அம்சா எழுந்து நின்றாள். அவள் பதினேழு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது.

"நான்தான் போன் பண்ணினேன்" என்றாள் கீர்த்தனா. "ஒரு மணிக்கு. மழை அதிகமா இருக்கு, போய்ச் சுவரைப் பார்த்துட்டு வாங்கன்னு சொன்னேன். அதனாலதான் போனாரு."

போய்ப் பார்க்கச் சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியம் மட்டும் பொய். அறையில் அது பொய் என்று தெரிந்தவர் யாருமில்லை.

"ஆபத்து இருக்கும்னு சந்தேகப்பட்டு, ஒரு ஆளை அனுப்பினீங்க?"

"ஆமா."

"நீயா?"

அம்சாவின் குரல் பின்னாலிருந்து வந்தது. கத்தவில்லை. நாற்காலிகளை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். கீர்த்தனாவின் முகத்துக்கு ஒரு முழம் தூரத்தில் நின்றாள்.

"நீயாடி கூப்ட்ட? சோத்துல கைய வெச்சிருந்த மனுசன, நீயா?"

"ஆமாக்கா."

"அன்னிக்கு என் வூட்டுல குந்திகினு கேட்டியே. யாரு போன் பண்ணான்னு நா ஒப்பாரி வெச்சுகினு இருந்தேன். தெரியலக்கான்னு சொன்னியே, என் கையால டீ வேற வாங்கிக் குடிச்சியேடி!"

அடித்தாள். முதல் அடி கன்னத்தில் விழுந்தது. அடுத்தது தோளில். மூன்றாவதற்குள் ஹேமந்தும் ஒரு பெண் போலீஸும் வந்து பிடித்துக்கொண்டார்கள். கீர்த்தனா கையைத் தூக்கவில்லை. "விடுங்க" என்று மட்டும் போலீஸைப் பார்த்துச் சொன்னாள். பார்த்திபன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வாக்குமூலத்தை எழுத்தர் படித்துக் காட்டினார். கையெழுத்து வாங்கினார்கள். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கூப்பிடுவார்கள், ஊரைவிட்டுப் போகக்கூடாது என்றார்கள்.

வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. வேப்பமரத்தடியில் அம்சா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். ஹேமந்த் ஆட்டோ பிடிக்கப் போயிருந்தான். கீர்த்தனா தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போகப் பார்த்தாள்.

"ஏய். நில்லு."

நின்றாள்.

அம்சா அவளைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த தண்ணீர்க் குட்டையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். குரல் உடைந்து போயிருந்தது.

"போன்ல கடைசியா இன்னா சொன்னாரு?"

இதை யாரிடமும் கீர்த்தனா சொல்லவில்லை. பார்த்திபனிடமோ, உள்ளே மேஜை முன்னாலோ சொல்லவில்லை. அந்த மழைச் சத்தத்துக்குப் பிறகு அவர் பேசிய வார்த்தைகள் தினமும் காதில் விழுந்துகொண்டிருந்தன.

"'நா பாத்துக்கறேன் மேடம்மா. மணி ஒண்ணாவுது, நீங்க போயி சாப்புடுங்க'ன்னாரு."

அம்சாவின் உதடுகள் அந்த வார்த்தைகளை ஒருமுறை சொல்லிப் பார்த்தன. ஆட்டோ வந்து நின்றது. ஹேமந்த் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டான். ஒரு காலை உள்ளே வைத்தவள், திரும்பிப் பார்த்தாள்.

"சாப்ட்டியா?"

"சாப்பிட்டேன்க்கா" என்றாள் கீர்த்தனா.